வடநெம்மேலிப் பானைகள்

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி. நம் பக்கத்து ஆட்களுக்கு முதலைப் பண்ணை என்றால்தான் தெரியும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாம் எல்லோரும் ஒரு தடவையாவது போயிருப்போம். முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். பார்த்துவிட்டு, வேர்க்கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு, பஸ் ஏறிவிடுவோம். அதே வளாகத்துக்குள் ஒரு ஓரத்தில் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கூட்டுறவுச் சங்கம் நடந்துகொண்டிருக்கிறது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர். தனியாகச் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் பானைகளைப் பார்க்கலாம். வாயில் துணி கட்டிய மண்பானைகள். பொங்கலுக்கு நாம் வாங்குகிற பானை போலத்தான் இருக்கும். உள்ளே இருப்பதுதான் வேறு.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. போன மாதம் என் தங்கை மகன் வந்தபோது அதற்கு வேளை வந்தது. "மாமா, முப்பது வருஷம் பேங்க்ல எல்லாருக்கும் லோன் கொடுத்தீங்க. எங்கிட்ட இருக்கறது கொஞ்சம் காசுதான். அதுல என்ன தொழில் ஆரம்பிக்கலாம், சொல்லுங்க" என்றான். அடுத்த வார்த்தையே, "வேலைக்கும் போய்க்கிட்டு இதையும் பார்க்கணும். நேரம்தான் மாமா கிடைக்கவே மாட்டேங்குது" என்றான். வடநெம்மேலிக்குப் போய் ஒரு நாள் அந்தப் பானைகளைப் பார்த்துவிட்டு வா என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதையில் ஒரு துண்டு. 1981 என்று நினைவு. அப்போது இந்தப் பகுதியில் ஒரு வங்கிக் கிளையில் கிராமக் கடன் பார்க்கிற வேலையில் இருந்தேன். ஐ.ஆர்.டி.பி. லோன் காலம். உங்களில் பலருக்கு மாட்டு லோன் என்றால் உடனே ஞாபகம் வரும். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1978-79இல் தொடங்கி, 1980இல் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் வந்துவிட்டது. ஏழைக்கு ஒரு கறவை மாடு, நாலு ஆடு, ஒரு தையல் மெஷின் என்று கடனும் மானியமும் சேர்த்துக் கொடுத்தோம். ஒருநாள் காலை ஒரு இருளர் வந்தார். கூட அவர் மனைவி. வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வரச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. மாடு வேண்டும் என்றார்.

"பட்டா இருக்கா?"

"குடிசையே ஏரிப் பொறம்போக்குலதாங்க சாமி இருக்குது."

"ரேஷன் கார்டு?"

சிரித்தார். யாராவது ஊர்க்காரர் ஜாமீன் போடுவாரா என்று கேட்டேன். அதற்கும் அதே சிரிப்பு. கைநாட்டு வைத்த அந்த மனுவில், 'ஆவணங்கள் இல்லை, திருப்பி அனுப்பலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விதிப்படி அது சரி. அந்த மனிதர் பிறகு வரவில்லை.

மாடு கொடுத்தவர்கள் கதை மட்டும் பெரிதாக வாழ்ந்ததா என்றால், அதுவும் இல்லை. சிலர் நன்றாக வந்தார்கள். பலருக்கு மாடு வந்த ஆறு எட்டு மாதத்தில் சிக்கல் ஆரம்பித்தது. மாடு வாங்கும்போது கறவையில் இருக்கும். பிறகு பால் வற்றும். மறுபடி கன்று போட்டுப் பால் கொடுக்கும்வரை மாதக்கணக்கில் வெறும் தீனிச் செலவு. எங்கள் தவணைக்கு மட்டும் அந்த வற்றல் காலம் தெரியாது, மாதாமாதம் வந்து நிற்கும். அந்தத் திட்டத்தைப் பற்றி என் கணிப்பு இதுதான். கொடுத்த பணம் குறைவு என்பதைவிட, மாட்டின் நாட்காட்டியும் வங்கியின் நாட்காட்டியும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் பலரைக் கவிழ்த்தது. அப்போது இது எனக்குப் புரியவில்லை. வசூலாகாத கடன்களின் பட்டியல்தான் மேஜை மேல் இருந்தது.

நான் மனுவைத் திருப்பி அனுப்பிய அதே நாட்களில், இருளர்களே பங்குதாரர்களாக ஒரு தொழில் இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் காலூன்றிக்கொண்டிருந்தது. எனக்கு அதுவும் தெரியாது.

இருளர் பாம்பு பிடிப்பது பரம்பரை அறிவு. ஆனால் அது பணமானது வெள்ளைக்காரன் காலத்தில் தோல் வியாபாரத்தால்தான். பாம்புத் தோலில் கைப்பை, செருப்பு, இடுப்பு வார் என்று ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி போயிற்று. பிடிக்கிறவன் இருளன், உரிக்கிறவன் இருளன். அவன் கைக்கு வந்தது சில்லறை. மற்றதெல்லாம் தோல் மண்டிக்கும் கப்பலுக்கும் போயிற்று. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. தடை நியாயமானது. பாம்பு அழிந்தால் எலி பெருகும், எலி பெருகினால் நெல் போகும். இது நம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தடையோடு ஆயிரக்கணக்கான குடிசைகளில் அடுப்பு அணைந்தது. நேற்றுவரை தொழில் என்று இருந்தது இன்றைக்குக் குற்றம் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் ராமுலஸ் விட்டேக்கர் வருகிறார். 1943இல் நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே இந்தியாவுக்கு வந்து, கொடைக்கானலில் படித்தவர். அறுபதுகளில் அமெரிக்காவில் மியாமி நகரில் பில் ஹாஸ்ட் என்பவர் நடத்திய பாம்புப் பண்ணையில் வேலை பார்த்தார். விஷம் எடுக்கிற வேலையை அங்கேதான் கற்றார். திரும்பி வந்து முதலில் தாம்பரம் பக்கம் சேலையூரிலும், 1972இல் கிண்டியிலும் பாம்புப் பண்ணை அமைத்தார். காட்டில் பாம்பு தேடப் போனால் இருளர்தான் துணை. படித்த படிப்பெல்லாம் அவர்கள் முன்னால் கொஞ்சம்தான் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1976இல் அவரும் ஜாய் விட்டேக்கரும் நண்பர்களும் சேர்ந்து வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். 1978இல் அதே வளாகத்தில் இருளர் சங்கம் பதிவானது.

யோசனை எளிமையானது. தோல் வியாபாரத்தில் ஒரு பாம்புக்கு ஒரு விலை, ஒரே ஒரு தடவை, அதோடு பாம்பு செத்தது. விஷத்துக்குப் பாம்பு உயிரோடு இருக்க வேண்டும். சட்டமும் அதற்கு வழி விட்டிருக்கிறது. உயிர் காக்கும் மருந்து செய்யப் பாம்பு விஷம் எடுக்கலாம் என்று வன உயிரினச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அனுமதிக்கிறது. எந்தப் பாம்பை எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு அரசு ஆணை வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டுறவு என்றதும் ஒரு சின்ன விலகல். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு அதில் ஒரு பெருமை உண்டு. 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்த உடனே பதிவான கடன் சங்கம் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில்தான். அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். இன்னும் பின்னால் போனால், இங்கிலாந்தில் ராச்டேல் என்ற நெசவு ஊரில் 1844 டிசம்பர் 21ஆம் தேதி 28 பேர் ஆளுக்கொரு பவுன் போட்டு ஒரு மளிகைக் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, இவ்வளவுதான் சரக்கு. நாள் முழுக்கத் திறந்து வைக்க வசதி இல்லை. ஆரம்பத்தில் வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் மட்டும் திறந்தார்கள். என் மருமகப்பிள்ளை இதைக் கவனிக்க வேண்டும். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கே தாய் என்று சொல்லப்படும் கடை, வேலைக்குப் போகிறவர்கள் வேலை முடிந்து வந்து திறந்த கடைதான்.

சரி, வடநெம்மேலிக்கு வருவோம். தொழிலுக்கு என்னென்ன வேண்டியிருந்தது என்று ஒரு பழைய வங்கிக்காரனாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடம் முதலைப் பண்ணைக்குள்ளேயே கிடைத்தது. கட்டடம் பெரிதாக வேண்டாம். பானை, பானைக்குள் மணல், வாயில் கட்டத் துணி, கயிறு, பாம்பை ஒதுக்கக் கொக்கி, விஷம் வாங்கக் கண்ணாடிக் குப்பி. கடப்பாரை உறுப்பினர் கையில் ஏற்கெனவே உண்டு. விஷத்தை உறைய வைத்து உலர்த்துகிற எந்திரம்தான் செலவு பிடிக்கிற சாமான். மூலப்பொருள் வரப்பிலும் புற்றிலும் புதரிலும் இருக்கிறது. அதை எடுத்துவர வேண்டிய அறிவை எந்த வங்கியும் கடனாகக் கொடுக்க முடியாது.

அந்த அறிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலை, திருக்கழுக்குன்றம் பக்கம் வயல்வெளியில் ஒரு இருளத் தம்பதியோடு நடந்தேன். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்றார்கள். மணலில் இருக்கிற தடம் காற்றிலும் ஆடு மாடு மிதிப்பதிலும் கலைந்துவிடும். அந்த அம்மாள் ஒரு வளையின் வாயைப் பார்த்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். ஏன் என்று கேட்டேன். சிலந்தி கூடு கட்டியிருக்கிறதே, யாரும் உள்ளே போகவில்லை என்றார். எனக்கு அந்தச் சிலந்திவலை கண்ணிலேயே படவில்லை. இன்னொரு வளையில் அரை மணி நேரம் கடப்பாரையால் மெல்ல மெல்ல மண்ணைத் தட்டி எடுத்தார்கள். அவசரமே இல்லை. கிடைத்தது எலிதான். அதையும் விடவில்லை, வளைக்குள் எலி சேர்த்து வைத்திருந்த நெல்லையும் விடவில்லை. பாம்பு கிடைக்காத நாளும் வெறும் நாள் இல்லை.

பிடிப்பது நாலு வகை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் நாட்டில் அதிகம் பேர் சாவது இந்த நாலு கடித்துத்தான். பிடித்துக்கொண்டு போய்ச் சங்கத்தில் ஒப்படைத்தால், பாம்பின் வகைக்கு ஏற்ற விலை கைக்கு வரும். பிறகு பாம்பு பானைக்குள் போகிறது. அங்கே தொடங்குகிறது கணக்கு.

வந்தவுடன் ஒரு தடவை விஷம் எடுக்கிறார்கள். விஷப்பை மறுபடி ஊற நாள் வேண்டும். ஏழு நாள் கழித்து இரண்டாவது. இன்னொரு ஏழு நாளில் மூன்றாவது. இன்னொரு ஏழு நாளில் நாலாவது. மொத்தம் மூன்று வாரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் நாலு வாரம். அதற்குமேல் வைத்துக்கொள்வதில்லை. வயிற்றுச் செதிலில் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் ஏன் என்றால், அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துக்கொண்டு வந்துவிடக் கூடாது.

நான் போயிருந்த நாளில் பாம்பைக் கையாண்டவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். கண்ணாடி விரியன் ஒன்றின் தலையை இரண்டு விரலில் பிடித்து, குப்பியின் வாயில் கட்டியிருந்த மெல்லிய உறையைக் கடிக்க வைத்தார். மஞ்சளாக நாலைந்து சொட்டு இறங்கியது. "இது எத்தனாவது தடவைங்க?" என்று கேட்டேன். "மூணாவது. அடுத்த வாரம் ஒண்ணு. அப்புறம் வுட்டுடுவோம்" என்றார். பால்காரரிடம் பேசுகிற பழக்கத்தில், "நல்லாத்தானே கறக்குது, இன்னும் ஒரு மாசம் வெச்சிக்கிட்டா என்ன?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது நம்ம பாம்பு இல்லீங்களே சார். காட்டுலேர்ந்து வாங்கியாந்தது" என்றார்.

கடனுக்கு வாங்கியது, தவணைக்குள் திருப்ப வேண்டும் என்கிற பேச்சு எனக்குப் பழக்கமான பேச்சுதான். ஆனால் இது வேறு மாதிரிக் கடன். மாட்டுக் கடனில் தவணை ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம். இங்கே தவணையே பாம்பின் உடம்புக்கு ஏற்றபடி போட்ட தவணை. அந்த மூன்று வாரமும் அதற்குத் தீனி கிடையாது, தண்ணீர்தான். காட்டிலும் பாம்பு தினமும் தின்கிற பிராணி இல்லை, வாரக்கணக்கில் தாங்கும். ஆனால் அதற்குமேல் வைத்தால் இளைக்கும், பிறகு சாகும். வைத்துக்கொண்டே இருக்க ஆசைப்பட்டால் எலி வளர்க்க வேண்டும், கூண்டு வேண்டும், வைத்தியம் வேண்டும், ஆள் வேண்டும். கையில் பணம் இல்லாதவன் அந்த வழிக்கே போகவில்லை. காட்டையே தொழுவமாக வைத்துக்கொண்டு, மூன்று வாரத்துக்கு மட்டும் பானையை வாடகை வீடாக்கினான். எந்தப் பானை எந்தத் தேதி என்று தெரியாமல் போனால் தொழில் அங்கேயே முடிந்தது. பானை வரிசைதான் அவர்களுடைய பேரேடு.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பால் காலையில் கறந்தால் சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டும். மீனும் அப்படித்தான், நம் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். விஷத்தை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கிக் குளிரில், வெளிச்சம் படாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. வாங்குகிறவர்கள் நாட்டில் நாலைந்து மருந்துக் கம்பெனிகள்தான். அவர்கள் கேட்கிறபோது கொடுக்கலாம். ஆனால் பாம்பு கொண்டுவருகிறவனுக்கு அன்றைக்கே காசு வேண்டும். இந்த இடைவெளியில்தான் எத்தனையோ சிறுதொழில்கள் மூச்சுத் திணறிச் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். இங்கே நம்மைப் போன்ற வேடிக்கை பார்க்கிறவர்கள் கொடுக்கிற சீட்டுக் காசு தினசரி வருமானமாக உள்ளே வருகிறது. பெரிய தொகை இல்லைதான். என் வங்கிக் கண்ணுக்கு அந்தச் சீட்டுக் கவுன்டர்தான் முதலில் பட்டது.

விஷம் என்ன ஆகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 1890களில் ஆல்பெர் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டிய வழிதான் இன்றைக்கும். குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷத்தை ஏற்றினால் அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகும். அந்த ரத்தத்திலிருந்து மருந்து பிரிப்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்குப் போடுகிற ஊசி இதுதான். நாலு பாம்புக்கும் சேர்த்து ஒரே மருந்து. நாடு முழுவதும் போகிற இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும் பகுதி பல ஆண்டுகளாக இந்தப் பானைகளிலிருந்துதான் போயிருக்கிறது. சுருட்டை விரியன் சின்னப் பாம்பு. ஒரு தடவைக்குச் சில மில்லிகிராம்தான் தேறும். ஒரே ஒரு கிராம் பொடிக்கு நூறைத் தாண்டும் எடுப்புகள் வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் வயலில் வேலை செய்கிறவர்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த 1981 மனுவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

கையில் காசில்லாத இருளருக்கு நம் பகுதியில் பணம் கிடைக்கிற வழி வேறு ஒன்று இருந்தது. முன்பணம். அரிசி ஆலைக்காரரோ, செங்கல் சூளைக்காரரோ, மரம் வெட்டும் மேஸ்திரியோ கல்யாணச் செலவுக்கு, வைத்தியத்துக்கு என்று கொஞ்சம் கொடுப்பார்கள். அவர்கள் பட்டா கேட்க மாட்டார்கள், ரேஷன் கார்டு கேட்க மாட்டார்கள். குடும்பத்தோடு வந்து வேலை செய்து கழி என்பார்கள். அது கழியவே கழியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. பாம்புத் தோல் தடை வந்த அதே ஆண்டு. ஆனாலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்து ஆலைகளிலிருந்தும் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தியை இந்த நூற்றாண்டிலும் நாம் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். முன்பணத்தில் அடகு போவது நகையோ நிலமோ இல்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, எப்போது சாப்பிடுவது, சொந்தக்காரன் சாவுக்குப் போகலாமா கூடாதா என்பதெல்லாம் அடகு போகிறது.

சங்கத்தில் உறுப்பினராக இருப்பவருக்கு அந்தக் கட்டு இல்லை. பாம்பைக் கொடு, காசை வாங்கு. இன்றைக்கு உடம்பு சரியில்லை என்றால் போக வேண்டாம். நடவு காலத்தில் கூலிக்குப் போகலாம், மழை விட்ட பிறகு காட்டுக்குப் போகலாம். நேரத்தை நிர்வகிப்பது பற்றி இப்போது ஏகப்பட்ட புத்தகங்கள் வருகின்றன. என் தங்கை மகன்கூட ஒன்று வைத்திருக்கிறான். அதிலெல்லாம் நேரம் நம் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அதை முதலில் மீட்டெடுக்க வேண்டியிருந்தவர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. நான் புரட்டிப் பார்த்தேன்.

1986இல் செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பெண்கள் ஒரு நலச் சங்கம் தொடங்கினார்கள். மூலிகை, நாற்றங்கால், மரக்கன்று என்று அவர்களுக்குத் தெரிந்ததையே தொழிலாக்கினார்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

2017இல் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகி, அங்கே இருக்கிற முயல், மான், பறவை எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது. 2016இல் போட்டி வைத்துப் பார்த்தார்கள். ஆயிரம் பேர் கலந்துகொண்டு ஒரு மாதத்தில் 106 பாம்பு பிடித்தார்கள். மறு ஆண்டு நம் ஊரிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். முதல் இரண்டு வாரத்திலேயே 13 மலைப்பாம்புகள். மற்றவர்கள் கரையிலும் சாலையிலும் வண்டியில் போய்த் தேட, இவர்கள் புதருக்குள் நடந்து போனார்கள். நடுநடுவே உட்கார்ந்து பீடி பிடித்தார்கள், சாமி கும்பிட்டார்கள். கூட வந்தவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லையாம். 2023இல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதற்கு முன்பே 2018இல் விட்டேக்கருக்கும் கிடைத்திருந்தது.

விருது வந்ததால் கவலை தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உறுப்பினர் எண்ணிக்கை 300ஐத் தாண்டிவிட்டது. ஆனால் பிடிக்கலாம் என்கிற பாம்பு எண்ணிக்கைக்கு ஆண்டுதோறும் ஆணை வேண்டும். சில ஆண்டுகள் அது வர மாதக்கணக்கில் தாமதம் ஆனதைச் செய்தியில் படித்தேன். பானைக்குள் ஒரு நாள்கூடத் தவறாமல் கணக்கு வைத்திருப்பவர்கள், வெளியே காகிதத்துக்காகப் பருவத்தையே விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதாகிறது. பிறகு, ஒரே பகுதியில் பிடித்த பாம்பின் விஷம் இந்தியா முழுமைக்கும் போதாது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2019 முதல் இதுபற்றி ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறார்கள். ராஜஸ்தான் பாம்பின் விஷமும் நம் பாம்பின் விஷமும் ஒன்றாக இருப்பதில்லையாம். காட்டில் பிடித்து விடுவதைவிட, நிரந்தரமாக வளர்த்து விஷம் எடுப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. அறிவியல்படி அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் கூண்டு, எலி, குளிர்சாதனம், டாக்டர் என்று பெரிய முதல் வேண்டும். பானைக்கும் கடப்பாரைக்கும் அங்கே என்ன இடம் என்று தெரியவில்லை. இருக்கிற அறிவை அங்கேயும் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்களா, பங்குதாரராக வைத்துக்கொள்வார்களா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

போதாததற்கு, பாம்பு இருந்த இடமே போய்க்கொண்டிருக்கிறது. கேளம்பாக்கம், சிறுசேரி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கமெல்லாம் நாம் பார்த்த வயல்கள் எத்தனை மிச்சம்? முன்பு ஒரு காலையில் நடந்து முடிந்த வேலைக்கு இப்போது பஸ் ஏறி மதுராந்தகம் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது என்றார் அந்த ஐம்பது வயதுக்காரர். பஸ் காசும் போகிறது, காலைப் பொழுதும் போகிறது. மகன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். கட்டட வேலைக்குப் போகிறானாம். "தடம் பார்க்கத் தெரியும். ஆனா பழக்கம் விட்டுப்போச்சு" என்றார்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? பல மாவட்டங்களிலிருந்தும் இருளர்கள் வந்து மணலில் புடவையைக் கட்டிக் கூரையாக்கித் தங்குவார்கள். விடிகாலையில் கடலோரத்தில் கன்னியம்மனுக்குப் பூஜை. நிச்சயதார்த்தம், கல்யாணம், மொட்டை, காதுகுத்து எல்லாம் அங்கேயே. எந்த வேலையில் இருந்தாலும் அன்றைக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஆலையில் முன்பணத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த நாள்கூடக் கிடைக்காது.

ஓய்வு பெற்ற பிறகு நான் மூன்று நான்கு மாசி மகத்துக்குப் போய்விட்டேன். வயதான ஆண்களைப் பார்த்தால் கொஞ்சம் நின்று பார்ப்பேன். மாடு கேட்டு வந்தவர் இருந்தால் இப்போது எண்பதுக்கு மேல் இருக்கும். முகம் மறந்துவிட்டது, அந்தச் சிரிப்பு மட்டும் ஞாபகம் இருக்கிறது. மனுவில் பெயர் என்ன எழுதியிருந்தேன் என்பதும் மறந்துவிட்டது. கீழே இருந்தது கைநாட்டு. போன ஆண்டு ஒரு பெரியவர், நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்துவிட்டு, "யாரைத் தேடுறீங்க சாமி?" என்று கேட்டார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்தேன். டீ வாங்கிக் கொடுத்தார்.